ஆண்டவருக்கு ஒரு வாட்ச்மேன்

பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேனுக்குக் கழுத்தில் கட்டி என்ற செய்தி அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தையல்காரம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் அது எலுமிச்சம்பழ அளவு. நடுத்தெருவுக்கு வருவதற்குள் சாத்துக்குடி. டாக்டர் ஸ்கேனில் அளந்து சொன்னது வெறும் நெல்லிக்காய்.

"எடுத்துப் பார்த்தாத்தான் நல்லதா கெட்டதான்னு தெரியும். எடுத்துடலாம். பக்கத்துலயே குரல் நரம்பு போகுது, அதுக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கறோம்" என்றார் டாக்டர். இதில் 'எடுத்துடலாம்' மட்டும் மனைவி காதில் விழுந்தது. 'குரல் நரம்பு' மட்டும் வாட்ச்மேன் காதில்.

அவருக்குச் சொத்து என்று இருப்பதே அந்தக் குரல்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த கேட்டில் நின்று "யாரது?" என்று அவர் கேட்டால் லாரி தானாக இன்ஜினை அணைத்துக்கொள்ளும். ரிஜிஸ்டரில் பெயர், நேரம், வந்த நோக்கம், கையெழுத்து இல்லாமல் ஒரு ஈ உள்ளே போனதில்லை. முதலாளியின் மருமகனையே மழையில் நிறுத்தி எழுத வைத்த ஆள். எழுதிக் காட்டி அதட்டுகிற வாட்ச்மேனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

போதாக்குறைக்கு மச்சினன் வேறு. நோயாளியைப் பார்க்க வந்து தைரியம் சொல்வதில் கெட்டிக்காரன்.

"பயப்படாதீங்க மாமா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன்தான். ஆள் ஜம்முனு இருக்காரு. பேச்சுதான் வரல."

"வரவே இல்லையா?"

"அதனால என்ன? நல்லா கை ஆட்டறாரு."

மனைவி கேட்டபோது மட்டும், "எனக்கென்ன பயம்?" என்று வார்டே அதிரச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்கு விக்கல் நின்றது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம். மனைவி குளித்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போயிருந்தார். மச்சினன் காப்பி குடிக்கப் போயிருந்தான். வாட்ச்மேன் எழுந்தார். முதுகுப்பக்கம் நாடா கட்டிய அந்தப் பச்சை அங்கிக்கு உள்ளே பேன்ட்டை ஏற்றினார். சட்டையைப் பையில் சுருட்டினார். ஓடிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

முன்கேட்டில் இருந்த காவலாளி கறாரான ஆள். அதை இவர் வந்த அன்றே பார்த்துப் பாராட்டியும் விட்டார். ஆகவே அந்த வழி சரிப்படாது. மிஷன் ஆஸ்பத்திரி என்பதால் தரைத்தளத்து நடைபாதையின் கோடியில் ஒரு சிற்றாலயம் இருந்தது. அதன் பக்கவாசல் வழியாகப் போனால் பின்கேட். இரண்டு நாள் கட்டிலில் சும்மாவா படுத்திருந்தார்?

இத்தனைக்கும் அவர் ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவர்தான். ஞாயிறு தவறாமல் மனைவியைக் கோவிலில் கொண்டுபோய் விடுவார். விட்டுவிட்டு வெளியே நின்று வண்டிகளைப் பார்த்துக்கொள்வார். யாரும் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை. கல்யாணத்தன்று உள்ளே போனதோடு சரி.

சிற்றாலயத்தின் வாசலில் ஒரு சின்ன மேசை. மேசையில் கோடு போட்ட நோட்டு. நூல் கட்டிய பேனா. பெயர், நேரம், வேண்டுதல், கையொப்பம் என்று நான்கு பத்தி. அவ்வளவு ஒழுங்கான ரிஜிஸ்டரைப் பார்த்ததும் அவர் கால் தானாக நின்றது. ஓடுகிற அவசரம் ஒரு பக்கம் இருந்தாலும், எழுதாமல் ஒரு வாசலைத் தாண்டுவது அந்த உடம்பால் முடியாத காரியம். பெயரை எழுதினார். நேரம் 2.05. நோக்கத்தைத்தான் இங்கே வேண்டுதல் என்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். ரிஜிஸ்டரில் பொய் எழுதுவது அவர் கணக்கில் சாவான பாவம். அதனால் உள்ளதை எழுதினார்: 'பின்கேட் வழியாக வெளியே போக.' கையெழுத்தும் போட்டார்.

பக்கவாசலுக்குப் பாதி தூரம் போவதற்குள் முன்பெஞ்சிலிருந்து ஒரு சிஸ்டர் எழுந்து வந்தார். குள்ளமான, வயதான கன்னியாஸ்திரீ. நோட்டைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"ரெண்டு மணிக்கு ஆளே இல்லாம இருந்துச்சு. நல்லவேளை வந்தீங்க" என்று கிசுகிசுத்தார். "நான் காலையில இருந்து இன்னும் சாப்பிடல."

"நான் வந்து... சிஸ்டர்..."

"இன்னைக்கு முழுநாள் ஆராதனை. நற்கருணைய வெளியில வச்சிருக்கு. ஆண்டவரைத் தனியா விடக்கூடாது, தெரியுமில்ல? மூணு மணிக்குப் பல் டாக்டர் வீட்டம்மா வருவாங்க. அவங்க வந்து உக்கார்ற வரைக்கும் நீங்க அசையக் கூடாது."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அந்த நாலாவது பத்தியை மட்டும் பார்த்தாரா, மூன்றாவதையும் படித்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு சிரிப்புத்தான் கிடைத்தது.

வாட்ச்மேன் பக்கவாசலைப் பார்த்தார். பீடத்தைப் பார்த்தார். அங்கே சூரியன்போல் கதிர் விரித்த கதிர்ப்பாத்திரத்தின் நடுவில் வெள்ளை அப்பமாக, வட்டமாக, துணைக்கு ஆளில்லாமல் ஆண்டவர். மாற்று ஆள் வராமல் டூட்டியை விட்டுப் போவதா? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடச் செய்யாததை, அதுவும் இவரிடமா? கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் பத்து நிமிடம் சோதனை. ஜன்னல் கொக்கிகள் சரி. மெழுகுவர்த்தி ஒன்று திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரிந்தது. எழுந்து போய் ஒரு சாண் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அத்தனை அமைதியில் அவர் இருந்ததே கிடையாது. பிஸ்கட் கம்பெனியில் மெஷின் சத்தம், வார்டில் மச்சினன் சத்தம்.

"சார்" என்றார். கேட்டுக்கு உள்ளே இருக்கிற எல்லோரும் அவருக்கு சார்தான். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாததால் அது புட்டு வேகிற சத்தம்போல் புஸ்ஸென்று வந்தது. "இத்தனை நாளா வெளியிலயே நின்னுட்டேன், சார். வண்டிங்களப் பார்த்துக்கிட்டு."

சார் ஒன்றும் சொல்லவில்லை.

"குரல் போயிடுச்சுன்னா என்ன பண்றது, சார்? கெட்ட கட்டியா இருந்தா? அவகிட்ட பயமில்லன்னு சொல்லிட்டேன். பொய், சார்."

அதற்கும் பதிலில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் சட்டையைப் பிடிக்கிற மனுஷன், ஆச்சரியமாக, கோபப்படவில்லை. கேட்டு முடித்ததும் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. கட்டி இல்லை, அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அங்கியின் நாடாவால் துடைக்கப் பார்த்தார். நாடா முதுகுப்பக்கம் இருந்தது.

மூன்று மணி ஆயிற்று. பல் டாக்டர் வீட்டம்மா வரவில்லை. அந்த அம்மா நேரத்துக்கு எங்கேயாவது போனதாகச் சரித்திரம் இல்லை. இவருக்கு அது தெரியாது. மூன்றரைக்கு மச்சினன்தான் வந்தான்.

"மாமா! உங்கள எங்கெல்லாம் தேடறது! நர்ஸ் ரத்தம் எடுக்க ஊசியோட சுத்தறாங்க!"

"ஷ்! இது என்ன சந்தையா? ரிலீவர் வரல. நான் வர முடியாது."

"சரி, நான் உக்கார்றேன், நீங்க போங்க."

வாட்ச்மேன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்கிட்ட விட்டுட்டுப் போறதா? நீ அவர்கிட்டயே உங்க ஆபீஸ்காரர் கதையச் சொல்லுவ."

கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டரம்மாவே இறங்கி வந்துவிட்டார். நோயாளி கட்டிலில் இல்லை என்பதற்காகக் கேள்விகளை விட்டுவிடுகிற டாக்டர் இல்லை அவர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பீடத்தைப் பார்த்தபடியே, செபம் சொல்வதுபோல் உதட்டை அசைத்தார்.

"பல்லு ஏதாவது ஆடுதா?"

"இல்ல, டாக்டர்."

"குறட்டை விடுவீங்களா?"

"சேச்சே."

"கோவில்ல பொய் சொல்லாதீங்க மாமா" என்றான் பின்னாலிருந்து மச்சினன். "தெருவே எழுந்திருக்கும், டாக்டர்."

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். போகும்போது, எதற்கும் இருக்கட்டுமென்று, முழங்காலிட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

நாலரைக்கு மனைவி வந்தார், ஈரத்தலையோடு. மச்சினன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். உள்ளே பெஞ்சில் கணவரைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருடமாகக் கேட்ட வரம் அல்லவா? அப்படியே நோட்டையும் பார்த்தார். மூன்றாவது பத்தியைப் படித்தார். நிறைந்த கண் சட்டென்று காய்ந்தது.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கத்த முடியாத இடம். அந்தக் கோபம் முழுவதும் கிசுகிசுப்பாக வந்ததில் மெழுகுவர்த்திச் சுடர் ஆடியது.

"பின்கேட் வழியாவா?"

வாட்ச்மேன் ஜன்னல் கொக்கிகளை இன்னொரு முறை எண்ணினார்.

"என்கிட்ட சொல்லாமலா?"

"பயமா இருந்துச்சு" என்றார் வாட்ச்மேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. "குரல் போயிட்டா உன்னைக் கூப்பிடக்கூட முடியாதே."

மனைவி அவர் அங்கியின் நாடாவை அவிழ்த்து ஒழுங்காக முடிந்துவிட்டார். "நீங்க கூப்பிட்டு எந்த நாள் நான் திரும்பிப் பார்த்திருக்கேன்? எழுந்திருங்க. இனி நான் பார்த்துக்கறேன்."

டூட்டி மாற்றினார்கள். "விளக்கு ஒண்ணு எரியுது. மெழுகுவர்த்தி நாலு. ஜன்னல் அஞ்சும் மூடியிருக்கு. வேற விசேஷம் இல்ல" என்று முறைப்படி சொல்லி ஒப்படைத்தார். மனைவி வாசலுக்குப் போய் நோட்டில் எழுதிவிட்டு வந்து முழங்காலிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாட்ச்மேன் வாசலில் நின்று நோட்டைக் குனிந்து பார்த்தார். பெயர். நேரம் 4.50. வேண்டுதல்: 'மேலே எழுதியிருப்பவர் உள்ளேயே இருக்க.'

பக்கவாசல் திறந்தே இருந்தது. வெளியே வெயில் சாய்ந்து, பின்கேட்டில் ஒரு குருவிகூட இல்லை. டூட்டி முடிந்த மனுஷனை யாரும் எதுவும் கேட்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். ஓடினால் கட்டியும் கூடவே ஓடிவரும். சார், மனைவி, இந்த இரண்டு பேரும் வரமாட்டார்கள், இங்கேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடைபாதையில் திரும்பி மாடிப்படி ஏறினார். பின்னாலேயே மச்சினன், பையைத் தூக்கிக்கொண்டு.

வார்டில் நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். திட்டுவதற்கு அவர் வாய் திறப்பதற்குள் வாட்ச்மேன் கட்டிலில் ஏறிக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது, இரண்டு நாளாகக் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சா எப்ப பேசலாம், சிஸ்டர்?"

"சாயங்காலமே பேசலாம். தொண்டை கரகரன்னு இருக்கும். ஆனா ஒரு வாரத்துக்கு மெதுவாத்தான் பேசணும்" என்ற நர்ஸ், ரத்தக் குப்பியைக் குலுக்கிக்கொண்டே சந்தேகமாகப் பார்த்தார். "மெதுவா பேச வருமா உங்களுக்கு?"

"வரும்" என்றார் வாட்ச்மேன், புஸ்ஸென்று. பக்கத்துக் கட்டில்காரர், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.