இறங்கும் காற்று

வாலாஜாபாத்தில் இரண்டு அரிசி மில்களின் புகையும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தன. மேற்கில் இருந்த மில்லின் புகை கிழக்கே போயிற்று. கிழக்கில் இருந்ததன் புகை மேற்கே வந்தது. இரண்டுக்கும் நடுவில், சரியாக என் தலைக்கு மேல், அடிவயிறு கறுத்த மேகம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. பாராகிளைடரில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

பாராகிளைடரில் இன்ஜின் கிடையாது. மேலே துணியில் ஓர் இறக்கை, அதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கயிறுகள், கீழே ஒரு இருக்கை, அதில் வார்களால் கட்டப்பட்ட நான். தென்னேரி ஏரியை ஒட்டிய அறுவடை முடிந்த வயலில் வின்ச் என்ற கயிறு சுற்றும் இயந்திரத்தை வைத்து, நீளக் கயிற்றால் பட்டம் விடுவதுபோல் மேலே இழுப்பார்கள். போதுமான உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டால் அப்புறம் காற்று விட்ட வழி. வெயிலில் சுட்ட மண்ணிலிருந்து சூடான காற்று எங்கே எழுகிறதோ, அதைக் கண்டுபிடித்து உள்ளேயே சுற்ற வேண்டும். ஏறுகிறோமா என்று தெரிந்துகொள்ள வேரியோ என்று ஒரு சின்னக் கருவி தோளில் இருக்கும். ஏறினால் கீச்சுக் கீச்சென்று கத்தும். இறங்கினால் முனகும்.

மூன்று வருஷமாக அந்தக் கீச்சுக்காகத்தான் தவம் கிடந்தேன். வங்கியில் வாரம் முழுக்க வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். எத்தனையோ நாள் மேலே போன வேகத்திலேயே கீழே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு வேரியோ நிறுத்தாமல் கத்தியது. அதைப் பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது.

கடல் காற்று வழக்கமாகச் சாயங்காலம்தான் இந்தப் பக்கம் வந்து சேரும். இன்றைக்கு மதியமே வந்துவிட்டது. வந்து, மேற்குக் காற்றை முட்டியது. இரண்டு காற்றும் முட்டிக்கொண்டால் இரண்டுக்கும் போக்கிடம் மேலேதான். நடுவில் மாட்டிய நானும் மேலேதான். அந்த மேகத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் தெரியாது. ஆலங்கட்டி அடிக்கும். கை விறைக்கும். மூச்சுக்குக் காற்று போதாமல் நினைவு தப்பும். பிறகு இறக்கை சுருண்டுகொள்ளும்.

வின்ச்சைப் பார்த்துக்கொள்வது ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையத்துப் பெண். ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஏழாம் வகுப்பிலிருந்து என்னோடு சண்டை போடுகிறவள். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது. "சுபா, மேகம் கெட்டுப் போய்க்கினு இருக்குது. ரெண்டு பக்கமும் மடக்கிக்கோ. ஏரிக்கு மேல வந்துடு. தண்ணி மேல காத்து சூடாவாது, எறக்கும்."

சொன்னபடி செய்தேன். இரண்டு கையாலும் முன்பக்கக் கயிறுகளைப் பிடித்து இழுத்தால் இறக்கையின் இரண்டு ஓரமும் மடங்கிக்கொள்ளும். இறக்கை சிறிதானால் காற்றுக்குத் தூக்கக் கஷ்டம். கயிற்றை விட்டால் ஓரங்கள் பட்டென்று விரிந்துகொள்ளும், ஆகவே விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மடக்கிப் பிடித்தபடி உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஏரிப் பக்கம் போனேன். வைகாசி மாசத்து ஏரி. கரையோரம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் பழுப்பாகத் தண்ணீர். அதற்கு நேர் மேலே வந்ததும் வேரியோ வாயை மூடியது. அப்புறம் மெல்ல முனகியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கருடன் வந்தது.

காய்ந்த கரைக்கு மேல், என் கண் மட்டத்தில், சிறகை அசைக்காமல் வட்டமிட்டது. செம்மண் நிறச் சிறகு. கழுத்து பளீரென்று வெள்ளை. நான் சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். கருடனைக் கண்டால் பேச்சை நிறுத்து, நின்று சேவி, கன்னத்தில் போட்டுக்கொள். பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான். வங்கி வாசலிலேயே ஸ்கூட்டரை நடுரோட்டில் நிறுத்திச் சேவித்து ஆட்டோக்காரர்களிடம் வசவு வாங்கியவள் நான்.

கைகள் என்னைக் கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் குவிந்துகொண்டன.

மடங்கியிருந்த ஓரங்கள் விரிந்த சத்தம் அறை விழுந்ததுபோல் கேட்டது. இறக்கை ஒரு குலுக்குக் குலுக்கியது. பதறிப்போய், திசை திருப்பும் பிரேக் கயிறுகளைப் பிடிப்பதற்குள் நான் தண்ணீரைத் தாண்டிக் கரைப் பக்கம் வந்துவிட்டிருந்தேன். வேரியோ மறுபடி கீச்சிட்டது.

வாக்கிடாக்கியில் இப்போது குழலி இல்லை. அம்மா.

அம்மா பெருந்தேவி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நீ அப்படி என்னதான் பண்றே, ஒருநாள் பார்த்துவிடுகிறேன் என்று தயிர் சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கீழே குழலியின் முகம் போன போக்கைப் பார்த்தே அவளுக்கு விஷயம் விளங்கியிருக்கும். வாக்கிடாக்கியைக் குழலி கையிலிருந்து பிடுங்கியிருக்கிறாள்.

"ஸுபத்ரா, கருடாழ்வார் வந்துட்டார் பார்டி. ஞாயித்துக்கிழமை தரிசனம் விசேஷம், தேடிண்டு வந்திருக்கார். இனிமே பயமில்லை. அவரை விட்டு நகராதே. அவர் எங்கே போறாரோ கூடவே போ."

நான் போனேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பறவை வட்டமிடும் இடத்தில்தான் காற்று தூக்கும், அதனால்தான் அது அங்கே வட்டமிடுகிறது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஆனால் பயத்தில் இருக்கும்போது அம்மா குரல் கேட்டால் புத்தி பத்து வயசுக்குப் போய்விடுகிறது. கருடனோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்னொரு சுற்று. ஏரி சின்னதாகிக்கொண்டே போயிற்று. வெயில் மறைந்தது. வேர்வை குளிர்ந்து முதுகில் ஒட்டியது. மேகத்தின் அடியிலிருந்து பிய்ந்த பஞ்சு ஒன்று எனக்குப் பக்கத்திலேயே கடந்து போனபோது பல் கிட்டிக்கொண்டது. சாகப்போகிறேன் என்று முதல் தடவையாக வார்த்தையாகவே நினைத்தேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் வாக்கிடாக்கியில் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறவர் மட்டும்தான் பேச முடியும். அவர் கையை எடுக்கும்வரை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மாவுக்கு இது எங்கே தெரியும்? பொத்தானை இறுக்கிப் பிடித்தபடி பெருமாள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் குழலி மாமி, மாமி என்று கெஞ்சுவது கேட்டது. அங்கே தூக்குது மாமி, அவளை வரச் சொல்லணும், குடுத்துடுங்க என்றாள். அம்மா காதில் விழவில்லை. நான் இங்கே பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் உயிரைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அதற்காகவே வேண்டிக்கொண்டிருந்தாள்.

குழலி அவள் விரலைப் பலவந்தமாகப் பிரித்தாளோ, அம்மாவே மூச்சு வாங்க நிறுத்தினாளோ, சட்டென்று அமைதி.

"அம்மா," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவர் மேலே போறார்ம்மா. எனக்குக் கீழே வரணும்."

கருடன் எனக்குச் சற்று மேலே, நிம்மதியாக, மேகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அது வீடு. அம்மா வாழ்நாளில் கருடனுக்கு முதுகைக் காட்டியதில்லை. இப்போதும் கீழே அண்ணாந்து நின்றிருப்பாள், அது எனக்குத் தெரியும்.

"அப்படின்னா அவரை விட்டுட்டு வந்துடு," என்றாள் அம்மா. "வந்துடுடி. எங்கிட்ட வா."

பிரேக்கை ஒரு பக்கம் இழுத்துத் திரும்பினேன். கருடன் என் முதுகுக்குப் பின்னால் போயிற்று. மறுபடி ஓரங்களை மடக்கினேன். கயிறு விரலை அறுத்தது. விடவில்லை. தண்ணீருக்கு மேல் வந்ததும் இறங்கும் காற்று கையைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தது. இப்போது வேறு பயம். இத்தனை வார்களோடு தண்ணீரில் விழுந்தால் துணி நனைந்து என்னை அமுக்கிவிடும். கரை வருமா, தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவில், முழங்கால் ஆழச் சேற்றில் உட்கார்ந்தபடியே போய் விழுந்தேன். இறக்கை எனக்கு முன்னால் தண்ணீரில் படுத்துக்கொண்டது. மேலே முதல் இடி உருண்டது.

குழலி ஓடி வந்து துணியைச் சுருட்டினாள். திட்டிக்கொண்டே சுருட்டினாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே சேற்றில் இறங்கி வந்து என் தோள் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மழை பிடித்துவிட்டது. பக்கிளைக் கழற்றணும், கையை எடுங்க மாமி என்று குழலி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அவரை விட்டுட்டு வரச் சொல்லிப் பெரிய அபசாரம் பண்ணிட்டேன்," என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "திருப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."