வந்ததுதான் வந்தே

அடுப்படிச் சுவரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை, அதற்குள் இது ஒன்பதாவது தடவை. சோப்பு நுரைக் கையோடு நடையைத் தாண்டி ஓடினேன். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

கதவோரத்துப் பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால்தான் விளக்கு அணையும். திரும்பி நடக்கும்போது அவர் குரல் மெல்ல வந்தது.

"வந்ததுதான் வந்தே, அந்தத் தண்ணியக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். குடித்தார். அடுப்படிக்கு வந்து கையைக் கழுவுவதற்குள் மறுபடி விளக்கு.

என் வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். ஊரில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக்தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நாலு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. குரலும் பாட்டரி இறங்கிய ரேடியோ மாதிரி ஆகிவிட்டது, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். யாரையும் கூப்பிடாமல் தானாகவே எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்து ஒரு தடவை விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் வந்து பார்த்துக்கொள்கிற அவருடைய அக்கா அதற்கு மேலே ஒரு படி போனார். இன்னொரு தடவை விழுந்தால் தம்பியைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாராம், அங்கே தூக்கிப் பிடிக்க இரண்டு ஆம்பளைப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவர் சொன்னால் செய்கிறவர்.

அதனால்தான் இந்த விளக்கு வேலையில் இறங்கினேன். நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, சாமான் எடுத்து வைப்பது, எண்ணி அடுக்குவது. தலைமை ஆசிரியர் அறையில் ஒரு மணி அடித்தால் பியூன் போக வேண்டும், இரண்டு அடித்தால் நான் போக வேண்டும். இருபது வருஷமாக இரண்டு மணிச் சத்தம் கேட்டால் கால் தன்னாலே நடக்கும். பிள்ளைகள் சிப்பில் புரோகிராம் எழுதப் பழகுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"ஒரு காலிங் பெல்ல மாட்டினா முடிஞ்சுது. இதுக்குப் போய் ராக்கெட்டு விடறா" என்று நாத்தனார் சிரித்தார். காலிங் பெல் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. இவருக்கு நல்ல கையான இடது கையும் நடுங்குகிறது. மணி 'டிக்' என்று விக்கிவிட்டு நின்றுவிடும், குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. எவ்வளவு லேசாகத் தொட்டாலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் போய் அணைக்கும் வரை மினுக்குகிற விளக்குதான் எனக்கு வேண்டியிருந்தது.

சயின்ஸ் டீச்சர் ஆய்வகத்திலிருந்து ஒரு போர்டு கொடுத்தார். சிப்பு, அதற்கு வேண்டிய துணைச் சாமான் எல்லாம் அதிலேயே இருக்கும், கம்ப்யூட்டரில் எழுதி ஒரு கம்பியைச் சொருகினால் போதும். கூடவே கட்டைவிரல் அகலத்தில், சின்ன அட்டையில் பதித்த ஒரு பொத்தான் துண்டும் கொடுத்தார். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாங்கள் அழுத்திப் பார்த்த நேரம் தவிர விளக்கு எரியவே இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, திங்கட்கிழமை ஸ்டாக் சரிபார்க்க வருகிறார்கள், போர்டும் பொத்தான் துண்டும் திரும்பி வந்தாக வேண்டும் என்றார் டீச்சர். தனிச் சிப்பு ஒன்று வாங்கி, இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து கம்பி சொருகுகிற ஓட்டைகள் நிறைந்த ப்ரெட்போர்டில் நானே கட்ட ஆரம்பித்தேன். சிப்பைக் கவிழ்த்துப் போட்டால் பக்கத்துக்குப் பதினாலு கால். "என்னடி, பூரானப் புடிச்சிட்டு வந்திருக்கே" என்றார் இவர். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பூரான்.

பள்ளிக்கூட போர்டிலிருந்து ஐந்தாறு கம்பி இழுத்துப் பூரானுக்குள் புரோகிராமை ஏற்றினேன். அரை நொடிக்கு ஒரு தரம் மினுக்க வேண்டிய விளக்கு எட்டு நொடிக்கு ஒரு தரம் மினுக்கியது. ஒன்றும் புரியவில்லை. தேடிப் படித்ததில், புதுச் சிப்பு தனக்குள் இருக்கிற மெதுவான கடிகாரத்தில்தான் ஓடுமாம், வெளியே வைக்கிற, வேகமாகத் துடிக்கிற கிரிஸ்டலைப் பார்த்து ஓடு என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பூரான் செத்தே போனது. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் இவர்தான் அதைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். ஒரு பார்வை பார்த்தார். கிரிஸ்டல் ஒரு ஓட்டை தள்ளிச் சொருகியிருந்தது. "கண்ணாடியப் போட்டுக்கிட்டு வேல செய்" என்றார். சரியான ஓட்டையில் சொருகியதும் விளக்கு டக்டக்கென்று மினுக்கியது. அன்றைக்கு அவர் முகம் பாதி சிரித்தது. சிரிக்க வருவதே பாதிதான்.

பொத்தான் துண்டுக்குப் பதிலாக அவருடைய டப்பாவிலிருந்த வெறும் பொத்தான் ஒன்றை நீளக் கம்பியில் கட்டித் தலையணைப் பக்கம் வைத்தேன். திங்கட்கிழமை போர்டு திரும்பிப் போனது. இனிமேல் பூரானுக்குள் போனது போனதுதான், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. விளக்கு எரியும், ஓடுவேன், "இல்லையே" என்பார். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான், கூப்பிட்டுவிட்டு இல்லை என்பான் என்றார் நாத்தனார். ஒருநாள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைக் கவனித்தேன். கை நெஞ்சின் மேல் அசையாமல் கிடந்தது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். நடை வழியாகப் பார்த்தால் அடுப்படியில் விளக்கு மினுக்குகிறது. கூப்பிடுவது யார் என்றே தெரியாமல் ஒரு வாரம் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடிய ஒரு தடவைகூட வெறுமனே திரும்பவில்லை என்பது மட்டும் உண்மை. வந்ததுதான் வந்தே, தலையணையச் சரி பண்ணு. வந்ததுதான் வந்தே, கொஞ்சம் பாத்ரூம் வரைக்கும் புடிச்சிக்கோ.

அந்த ஞாயிறு போய் மறுநாள் டீச்சரிடம் படத்தைக் காட்டினேன். பொத்தான் அழுத்தாத நேரத்தில் சிப்பின் இந்தக் கால் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, நீளக் கம்பியில் ஏறுகிற இரைச்சலையெல்லாம் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறது என்றார். பள்ளிக்கூடத்துப் பொத்தான் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் அரிசி முனை அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் ஒட்டியிருந்தது. அழுத்தாத நேரத்தில் காலைப் பிடித்து அடக்கி வைப்பது அதுதான், அதைத்தான் நான் விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் போனேன். "என்னங்க, உங்க டப்பால ஒரு ரெசிஸ்டர்" என்று ஆரம்பித்தேன்.

"மூணாவது டப்பா. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எடுத்துச் சொருகினேன். விளக்கு அடங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எத்தனை ஓம், எதற்கு என்று நான் சொல்லவே இல்லையே, அதன் மேலிருக்கிற நிறக்கோடு வரைக்கும் அவர் எப்படிச் சொன்னார்?

அப்புறம் நாலு நாள் விளக்கு எரியவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், எரிந்தது. பூரான் மேல் குற்றமில்லை. நானாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எதற்கோ அறையை எட்டிப் பார்த்தேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருந்தார். இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. பொத்தான் தலையணை மேலேயே கிடந்தது.

ஓடிப்போய்ப் பிடித்தேன். குளியலறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு. ஒரு அழுத்து அழுத்தினா என்ன?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அங்க ரெண்டு மணி அடிச்சா ஓடுறே. இங்கயும் நானா அடிக்கணும்?"

அது என் மேல் உள்ள பிரியமா, வீம்பா? இருபத்தாறு வருஷம் கூட இருந்தும் இந்த இரண்டையும் இவரிடம் பிரித்துப் பார்க்க எனக்கு வந்ததில்லை.

"அப்ப அந்த ஒரு வாரம்?"

"அது நான் அடிக்கலையே."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா கெடந்தீங்களா? நாயா ஓடினேனே."

"நீ கேக்கல" என்றார். முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு வந்து போனது.

அடுப்படிக்கு வந்து பூரான் முன்னால் நின்றேன். ரெசிஸ்டர் இருந்தால் அவர் கூப்பிட மாட்டார், என்றைக்காவது விழுவார். எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பொய் விளக்குக்கு ஓட வேண்டும். பொய்தானே என்று என்றைக்காவது நான் மெதுவாகப் போவேன், அன்றைக்குப் பார்த்து அது நிஜமாக இருக்கும். எது சரி என்று யாரிடம் கேட்பது? டீச்சரிடம் கேட்கிற விஷயமா இது?

நகத்தால் நெம்பினேன். ரெசிஸ்டரின் ஒரு முனை ஓட்டையை விட்டு வெளியே வந்தது. மறுமுனையில் அது கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பைத் துடைத்தேன். மோட்டார் எதுவும் ஓடவில்லை. குழாயில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும்தான்.

விளக்கு மினுக்கியது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை கழுத்து வரை ஏறியிருந்தது. கை உள்ளே எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலையணை மேல் பொத்தானைக் காணோம். கம்பி போர்வைக்குள் போயிருந்தது, நான் படுக்க வைத்தபோதே அப்படிச் சிக்கியிருக்கலாம். கூப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

"வந்ததுதான் வந்தே" என்று ஆரம்பித்தவர், என்ன கேட்பது என்று கண்ணால் அறையைத் தேடினார். தம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. தலையணை நேராகத்தான் இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கதவோரத்துப் பொத்தானை நான் அழுத்தியிருக்கவில்லை. நடை முழுக்கச் சிவப்பு வெளிச்சம் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது.