அப்பா ஜாடை

மார்ச் பதினாறாம் தேதி காலை, மாவட்ட மருத்துவமனையின் பிணவறையை ஒட்டிய சிறிய அறையில், இரண்டு பெண்கள் ஓர் இறந்த உடலுக்கு ரவிக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இறந்தவளின் தங்கை. இன்னொருத்தி மகள்.

கைகள் விறைத்திருந்தன. தோளைத் தூக்கிப் பிடித்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது.

"ஆபரேஷன்ல எடுத்த இடது பக்கம் தொளதொளன்னு இருக்கு சித்தி. துணி ஏதாவது வைக்கலாமா?" என்றாள் மகள்.

"வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

தங்கைக்கு இரண்டு பக்கமும் அப்படித்தான். அம்மாவும் பெரியம்மாவும் மார்பகப் புற்றுநோயில் போன பிறகு, மரபணு ஆலோசகர் சகோதரிகள் இருவரையும் பரிசோதனைக்கு அழைத்திருந்தார். அக்கா போகவில்லை. அவள் அப்பா ஜாடை. அதே நெற்றி, அதே தடித்த புருவம். அம்மாவை உரித்து வைத்திருந்தவள் தங்கைதான். ஆகவே வருவது அவளுக்குத்தான் வரும் என்று வீடே தீர்மானித்திருந்தது. ஜாடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருவருக்கும் பாதிக்குப் பாதி என்று ஆலோசகர் சொன்னதைத் தங்கை வந்து சொன்னாள்.

"நீ மாட்டிக்கிட்டா என்னையும் சேர்த்து இழுக்கிறியா?" என்று சிரித்தாள் அக்கா.

மரபணுக் கோளாறு உறுதியானதும், நோய் வருமுன்பே தங்கை இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்கு அவள் 'பயந்தாங்கொள்ளி'. அக்காவுக்கும் அதே கோளாறு இருப்பது, நோய் கல்லீரல் வரை பரவிய பிறகுதான் தெரிந்தது.

வெளியே பெஞ்சில் மகளின் அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "வந்தவ முன்னாடியே வெட்டிக்கல. வராதவ வெட்டிக்கிட்டா. என்னத்தச் சொல்ல?"

தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு அத்தையைத் தாண்டி அக்காவின் கணவரிடம் போனாள்.

"மாமா, செவ்வாய்க்கிழமை இவளை அந்த ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நேரம் வாங்கிட்டேன்."

"கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதான் மாமா."

அவர் மகளின் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நல்லாப் பாரு. மூக்கு, முழி எல்லாம் நான். உங்க பக்கத்துது ஒண்ணுமே இவகிட்ட இல்ல."

அத்தை எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள். மகள் முகத்தை விடுவித்துக்கொண்டாள்.

"விடுங்க சித்தி. அப்புறம் பார்க்கலாம்."

வண்டி ஓட்டுநர் வந்து, தூக்கலாமா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை தங்கை தனியாகப் போய் உட்கார்ந்திருந்தாள். மகளின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.