ஷண்டிங் இன்ஜினுக்கு ஒரு பூசணிக்காய்

உலகத்தில் இன்ஜினை இன்ஜினாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அதைக் கண்டுபிடித்தவர், அவர் காலமாகிவிட்டார். இன்னொருவன் சிட்லபாக்கம் அசரியா, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. இதைச் சொன்னவனும் அசரியாவே என்பதால் சந்தேகப்பட இடமில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம்தான் எங்கள் இன்ஜின் ரசிகர் சங்கத்தின் அலுவலகம். அசரியா தலைவன், மற்ற எல்லோரும் நான். கீழே யார்டில் வேகன்களை இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் திரியும் கிழட்டு ஷண்டிங் இன்ஜின்தான் எங்கள் ராணி. ஆயுத பூஜைக்கு மறுநாள் அதற்குச் சோதனை வைத்திருந்தார்கள். முழு லோடை இழுத்தால் யார்டிலேயே இருக்கும். இல்லையென்றால் உடைபட்டு இரும்பு விலைக்குப் போய்விடும்.

அந்த வாரம் அசரியாவின் அமெரிக்கப் பேனா நண்பனிடமிருந்து ஹாலோவீன் வாழ்த்து அட்டை வந்தது. போன வருஷப் பண்டிகைக்கு அனுப்பியது. கப்பலேறி நிதானமாக வந்திருந்தது. பேய்களுக்கான பண்டிகையாம். அட்டையில் ஓர் இன்ஜின். உடம்பெல்லாம் ஆரஞ்சும் கறுப்புமாகப் பெயின்ட், முகத்தில் பல்லை இளிக்கும் பூசணிக்காய்.

"காட்டுமிராண்டிப் பசங்க மச்சான். இரும்புக்கு வேஷம் கட்டுறானுங்க," என்ற அசரியா, அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

ஆயுத பூஜையன்று யார்டே கல்யாண வீடாகியிருந்தது. இன்ஜின்களுக்கெல்லாம் வாழைக்கன்று, சாமந்தி மாலை. டிரைவர் தசரதன் சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் ராணியிடம் வந்தபோது அசரியா குறுக்கே நின்றான்.

"அண்ணே, இது நீராவியில ஓடுதா, சந்தனத்துல ஓடுதா?"

"ரெண்டுலயும்தான் தம்பி."

"பூசணிக்காய் உடைச்சா பிஸ்டன் பயந்துக்குமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தசரதன் சிரிக்கவில்லை.

"நாளிக்கு டெஸ்ட்டு கீது, தெரியுமில்ல? உன் வண்டி, உன் இஷ்டம். இன்னாத்துக்கு நமக்கு வம்பு." கிண்ணத்தோடு அடுத்த இன்ஜினுக்குப் போய்விட்டார்.

சாயந்திரம் மேம்பாலத்திலிருந்து பார்த்தோம். மற்ற இன்ஜின்கள் மஞ்சளும் சிவப்புமாகச் சாம்பிராணிப் புகையில் மிதந்தன. எங்களுடையது மட்டும் வெறும் நெற்றியோடு, கல்யாணத்துக்கு அழைக்காத சித்தி மாதிரி ஓரமாக நின்றது. அசரியா சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்துக்கொண்டான்.

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு," என்றான் கடைசியில், யாரும் கேட்காமலே.

சோதனையைப் பார்க்க விடியும்போதே போனேன். ராத்திரி பெய்த மழையில் பனிமூட்டம் யார்டை மூடியிருந்தது. தண்டவாளங்கள் கொஞ்ச தூரம் போய் வெள்ளையில் கரைந்தன. எங்கோ ராணி மூச்சு விடும் சத்தம். சத்தத்தை நோக்கி நடந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு முகம், கண்ணும் பல்லும் எரிய, தரைக்கு மேலே மிதந்து வந்தது.

அதன் பின்னால் அசரியா வந்தான்.

அவன் அம்மா மெட்டில்டா மோர்க்குழம்புக்கு வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் அது. அட்டையைப் பார்த்துக் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டியிருந்தான். உள்ளே கற்பூரம். உச்சியில் குங்குமம்.

"எது பலிக்கும்னு தெரியல மச்சான்," என்றான் என்னைப் பார்க்காமல். "அதான் ரெண்டும்."

இன்ஜினுக்கு முன்னால் நின்று பூசணிக்காயைச் சுற்ற ஆரம்பித்தான். இன்ஜின் மேலேயிருந்து தசரதன் எட்டிப் பார்த்தார்.

"அந்தாண்ட இல்ல தம்பி. இந்தாண்ட சுத்து."

அசரியா கையைத் திருப்பி, முதலிலிருந்து சுற்றினான்.