கலியமூர்த்தி பார்க்காத கோல்

கலியமூர்த்திக்குத் தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. தேவனாம்பட்டினத்தில் படகின் சுக்கானைப் பிடித்து நின்று ஒரு குரல் கொடுத்தால், வலை இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடலில் அது நல்ல சாமான்தான். கால்பந்து மைதானத்தில்தான் வினையாகிப் போனது.

இது 2010-இல் நடந்தது. அவன் மகள் அனுப்பிரியா அப்போது எட்டாவது படித்தாள். பள்ளிக்கூட அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. கடலூரில் நடந்த அரையிறுதிக்குப் போனவன் கோட்டோரமாக நின்று முழு நேரமும் கத்தினான். கடல்காரனுக்கு இடது, வலது என்று சொல்ல வராது, திசைதான் வரும். "வடக்க தள்ளு பாப்பா, வடக்க!" முதல் பாதியில் எதிரணியின் கோல் வடக்கே இருந்தது, சரி. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவன் பாட்டுக்கு "வடக்க, வடக்க" என்று அலறினான். கார்னர் கிக்கைத் தடுக்கப் பின்னே வந்திருந்தாள் அனு. பிறந்ததிலிருந்து கேட்ட குரல் ஆயிற்றே, யோசிக்கும் முன்னே கால் போய்விட்டது. பந்து சொந்த கோலுக்குள்.

எப்படியோ மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துவிட்டார்கள். ஆனாலும் கரையில், கூடத் தொழிலுக்கு வரும் பழனிவேல் ஒரு வாரம் விடவில்லை.

"மச்சான், நாளைக்கு தொழிலுக்கு எங்க? வடக்கயா?"

"போடா. கடல்ல பாதி நேரம் ஆச்சின்னா தெசைய மாத்துவாங்களா? எனக்கு என்னா தெரியும்?"

அனுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் முடிந்து வீடு வரும் வழியெல்லாம் அப்பன் அவளுடைய தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தான். மறுநாள் அவள் அம்மா முத்தம்மாளிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"சிதம்பரம் ஃபைனலுக்கு அப்பா வந்தா நான் போவல. பேர அடிச்சிடச் சொல்லு."

அவள் வந்து சொன்னதும் கலியமூர்த்தி சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், பயிற்சி கொடுக்கும் இசைவாணி டீச்சர் முன்னால் நின்றான்.

"டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. பெத்தவன் வரக்கூடாதுன்னா எப்புடி?"

"வாங்கண்ணா, யாரு வேணான்னா? ஆனா இனிமே எங்க டீம்ல ஒரு சட்டம். யாரும் அவுங்கவுங்க புள்ளயப் பாக்கக் கூடாது. அடுத்த வீட்டுப் புள்ளயத்தான் பாக்கணும். ஆட்டம் முடிஞ்சதும் அதுகிட்ட போயி, நல்லா செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லணும்."

"என்னாங்க இது! பஸ்ஸு ஏறி வந்து ஊரான் புள்ளயப் பாக்கறதா?"

"ஒங்களுக்கு பூஜா. டிஃபென்ஸ்ல நிக்கும். ஆஸ்டல் புள்ள, ஊரு காட்டுமன்னார்கோயில். வீட்ல நடவு, யாரும் வரமுடியல."

"வாய தொறக்கலாமா?"

"தொறந்தீங்கன்னா அடுத்த பஸ்ல நானே ஏத்தி உட்டுடுவேன்."

அனுவும் இறங்கி வந்தாள், பாதிதான். "கத்தலன்னா வரட்டும். ஒரு தடவ கத்தனாலும் ஷூவ கழட்டிட்டு வெளிய வந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நல்ல வெயில். கலியமூர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூஜாவைப் பார்த்தான். ஒல்லிக் குச்சியாக ஒரு பிள்ளை. பத்து நிமிஷம் பந்தையே தொடவில்லை. 'இத எதுக்கு சேத்தாங்க' என்று நினைத்தான். அப்புறம்தான் பிடிபட்டது. எதிரணிக்காரி கிளம்புவதற்கு ஒரு மூச்சு முன்னாடியே இவள் நகர்ந்துவிடுகிறாள். போய் வழியில் நின்றுகொள்கிறாள். பந்து வேறு பக்கம் போய்விடுகிறது. மீன் வருமுன் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறவனுக்கு இது புரியாதா? அதற்கப்புறம் அவன் கண் அவளை விட்டு நகரவில்லை.

இரண்டாம் பாதியில் ஒருத்தி இடித்து பூஜா குப்புற விழுந்தாள். "ஏய்" என்பது தொண்டை வரை வந்துவிட்டது. தோள் துண்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டான். அவள் எழுந்து, முட்டி மண்ணைத் தட்டி, நொண்டாமல் நடக்கிறாளா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது மைதானமே அலறியது.

துண்டை எடுத்தான். "என்னாங்க? யாரு போட்டது?"

"ஒம் பொண்ணுதான்யா!" என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா. "எங்க பாத்துக்கினு இருந்த?"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பெனால்ட்டியில் கோப்பை சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குப் போனது. கலியமூர்த்தி பூஜாவிடம் போனான்.

"அம்மாடி, பந்து வர்றதுக்கு முன்னாடியே நீ அங்க போயி நின்ன. நான் பாத்தேன்."

பூஜா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நெசமாவா?"

"பொய் சொல்ல நான் என்னா ரெஃப்ரியா?"

பிள்ளை சிரித்துவிட்டது.

கடலூர் பஸ்ஸில் அனு பக்கத்தில் உட்கார்ந்தான். வழக்கம்போல ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தான். அவள் ஆட்டத்தைப் பார்த்திருந்தால்தானே தப்பை எடுத்து வைக்க?

"கோல எப்புடி அடிச்ச?"

"நீ பாக்கலியா?"

"பூஜா உழுந்துட்டுது. அதப் பாத்துக்கினு இருந்தேன்."

அனு அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சீட்டில் காலை மடக்கி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். யார் தள்ளிவிட்டது, எங்கே ஏமாற்றியது, கோல்காரி எந்தப் பக்கம் சாய்ந்தாள், எல்லாம். "அதுக்கு முன்னாடி ஒண்ணு வீணாக்கிட்டேம்பா. எடது கால்ல அடிச்சிருக்கணும்" என்று தன் தப்பையும் தானே சொன்னாள். அவன் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டான். குடிகாட்டில் ரசாயன ஆலைகளின் மருந்து நெடி பஸ்ஸுக்குள் ஏறியபோது மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

இறங்கும்போது கேட்டாள். "அடுத்த மாசம் விழுப்புரத்துல மேட்ச். வர்றதான?"

"வரேன், வரேன். டீச்சர் எந்தப் புள்ளயக் குடுக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லு."