எண்ணெய் குடிக்காத லோரி

ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் தர்மலிங்கத்தின் லோரி ஓடியது. ஜப்பான்காரன் வந்தபின் பெட்ரோல் என்ற பேச்சே கிடையாது. தோட்டத்துப் பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரியைக் காலையில் பீடோங் டவுன் ஆபீசில் இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றிவர வேண்டும். லோரி நின்றுபோனால் தர்மலிங்கத்துக்கு வேலையில்லை. வேலையில்லாத ஆம்பளையைத் தண்டவாளம் போடச் சியாமுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் ஒருவர்கூட இதுவரை திரும்பவில்லை.

அதனால் லோரியின் வாயைக் கட்டினான். பக்கப் பலகைகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்தான். எண்ணெய் மிதிகட்டைக்கு அடியில் மரத்துண்டு வைத்து, கால் அதற்குமேல் அழுந்தாமல் செய்தான். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டினான். எண்ணெய் மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்த அதிகாரி அடுத்த முறை அளவைக் குறைத்தான். இவன் மறுபடி எதையாவது கழற்றினான்.

"இனிமே கழட்ட உங்க கைலிதான் பாக்கி" என்றாள் அவன் மனைவி குணவதி.

"அதுல என்னடி பாரம்? பாதி ஓட்டைலா."

ஒரு மாலை, பங்களா வாசலில் இறங்கிய அதிகாரி பானெட்டைத் தட்டிக்கொடுத்தான். தனக்குத் தெரிந்த மலாயில் மெதுவாகச் சொன்னான். சியாமில் எண்ணெய்த் தட்டுப்பாடு. தானும் அங்கே மாற்றலாகிப் போகிறான். இந்த மாதிரி லோரிதான் வேண்டும். ஓட்டுகிறவனும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைக் குணவதியிடம் சொன்னான். அடுப்பில் அடிப்பிடித்த மரவள்ளிக்கிழங்கை இறக்கிவைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"குடிக்காத லோரியைத்தானே கேக்குறான்? நாளைக்கு நல்லாக் குடிக்க விடுங்க."

"பாதி வழியில நின்னா அறைவான்."

"அறைஞ்சா வீங்கும். வீக்கம் வத்திரும்."

லோரி ஓடவும் வேண்டும், மெச்சும்படி ஓடவும் கூடாது.

மறுநாள் மரத்துண்டை எடுத்தெறிந்தான். எஞ்சினுக்குப் போகும் காற்றை அடைக்கும் சோக்கை முழுக்க இழுத்துவிட்டான். எஞ்சின் எண்ணெயை அள்ளி விழுங்கியது. பின்னால் கரும்புகை ரோட்டை மூடியது. பீடோங்கிற்கு முந்தைய மேட்டில் இருமி, குலுங்கி, நின்றது.

தர்மலிங்கம் இறங்கி, அறைக்காகக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அதிகாரி அறையவில்லை. ரோட்டோரச் சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். இவனுக்கும் ஒன்று நீட்டினான். வாங்கிக்கொள்வதைத் தவிர இவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ரப்பர் மரங்களுக்குள் எங்கோ ஒரு காய் வெடித்தது.

"சியாம் பாதையில இப்படி அடிக்கடி நிக்கும்" என்றான் அதிகாரி. "நீ சரி பண்ணிடுவே. அதுக்குத்தான் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

தர்மலிங்கம் பானெட்டைத் திறந்தான். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. சோக்கை உள்ளே தள்ளி, சற்றுப் பொறுத்து முடுக்கினால் போதும். ஆனாலும் வெகுநேரம் குனிந்தே நின்றான். அதிகாரி இன்னொரு சிகரெட்டை எடுத்தான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை.