துட்டி வீட்டிலிருந்து வேலூருக்கு

காந்திமதிநாதனைக் காரிலிருந்து இறக்கியபோது வடிவாம்பாள் டிரங்குப் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி, மூட மறுத்த கொண்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அத்தான் குளித்துவிட்டு வந்துவிட்டார், இனி இலையைப் போடலாம் என்றுதான் நினைத்தாள். எட்டிப் பார்த்தால், நாலு பேர் அவரைச் சாரலில் நனைந்த வேட்டியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது.

"அருவிக்குப் போகவே இல்லம்மா. எண்ண தேச்சுட்டுப் பாறையில உக்காந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ" என்றான் டிரைவர்.

உள்ளேயிருந்து ஓடிவந்த அகிலாண்டேஸ்வரி புருஷனின் மார்பில் விழுந்தாள். வடிவாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் குளிக்காமல் இருந்தால் என்ன என்ற எண்ணம்தான் வந்தது. அது வந்ததற்காகத் தன்னைத்தானே வெறுத்தாள். ஆனாலும் அது போகவில்லை.

காலையில் கேட்டுத்தான் பார்த்தாள். "சாயங்காலம் ரயிலு. இப்பப் போயி குத்தாலம் வேணுமா அத்தான்?"

"வேலூர்ல வெயிலு மண்டையப் பொளக்கும் தாயி. இங்கன சாரல வச்சுக்கிட்டு குளிக்காமப் போவாங்களா? ஒரு குளி, ஓடி வந்துருதேன்" என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அவர் வடிவாம்பாளின் புருஷன் தாணுவுக்கு அண்ணன்; தென்காசிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பிள்ளை இல்லை. தாணுவின் மகள் இராமலட்சுமிதான் அவருக்கும் மகள். அவளுக்கு ஆறு வயது. நாலு எட்டு ஓடினால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். உதடும் நகமும் நாவல்பழம் தின்றது போல நீலம் பாரித்துவிடும். இருதயத்தில் ஓட்டை, இங்கே வைத்தியம் இல்லை என்று திருநெல்வேலி வரை எல்லா டாக்டரும் கையை விரித்துவிட்டார்கள். காந்திமதிநாதன் விடவில்லை. வேலூருக்கு எழுதி எழுதி, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பெரிய டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தார். அந்த டாக்டர் இந்த வாரத்தோடு ஊருக்குத் திரும்புகிறார். நாளை மறுநாள் காலையில் குழந்தை அங்கே இருக்க வேண்டும். கூடவந்து பேசுவதற்கும் அவர்தான். தாணு, தாலுகா ஆபீஸ் பியூனிடம் தமிழில் பேசவே திணறுகிறவன்.

கீழப்பாவூரிலிருந்து நமசிவாயம் வந்து சேர்ந்தார். இறந்துபோன மாமனாருக்குத் தம்பி. குடும்பத்தில் இப்போது அவர் சொல்வதுதான். வந்த கையோடு, திருவேங்கடத்திலிருக்கும் காந்திமதிநாதனின் தங்கச்சி வந்து முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்றார். அவளுக்குத் தகவல் போய், அவள் பஸ் பிடித்து, அந்த பஸ் வழியில் பழுதாகி... உச்சிவேளை தாண்டியும் வரவில்லை. முற்றத்தில் போட்ட பெஞ்சில் ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வடிவாம்பாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்த்ததை யாரும் பார்த்துவிட்டார்களா என்று பார்ப்பதுமாக இருந்தாள்.

தாணு அவளை அடுக்களைக்கு அழைத்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் என்று அவனுக்குத் தலையை மழித்திருந்தார்கள். அந்த முகம் யாரோ போல இருந்தது.

"பதினாறு கழியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்னு சித்தப்பா சொல்லுதாவ."

"டாக்டரு பதினாறு கழியட்டும்னு இருப்பாரா?"

"நான் என்னட்டி செய்ய? நாந்தான கொள்ளி வைக்கணும். அண்ணனுக்கு வேற யாரு இருக்கா?"

"வையுங்க. உங்கள யாரு வேண்டாம்னா? நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"நீயா? விழுப்புரத்துல வண்டி மாறணும். ஆஸ்பத்திரியில இங்கிலீஷ்ல கேப்பான்."

"புள்ள ஒதட்டப் பாத்தா தெரியாதா? அதுக்கு இங்கிலீஷ் என்னத்துக்கு?"

தாணு மழித்த தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டான். இந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிற ஒரே ஆள் கூடத்தில் கிடந்தார்.

அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி கொல்லைப்புறமாக வந்து எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, வடிவாம்பாளின் காதருகே குனிந்தாள். "விழுப்புரத்துல எம்மவன் ஆதம் ரயில்வேயிலதான இருக்கான்? தந்தி குடுத்தா வந்து வண்டி ஏத்தி விடுவான். குடுக்கட்டா?"

"குடுங்க" என்றாள் வடிவாம்பாள்.

கூடத்தில் அவள் அகிலாண்டேஸ்வரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, சேதி முந்திவிட்டது தெரிந்தது. அகிலாண்டேஸ்வரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கெளம்புதியாமே?"

"ஆமாக்கா."

"இன்னைக்கு ஒரு ராத்திரி எங்கூட இருக்கக் கூடாதாட்டி?"

"இந்த வண்டிய விட்டா டாக்டரப் பாக்க முடியாதுக்கா."

அகிலாண்டேஸ்வரி கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒருவழியாகத் தங்கச்சி வந்து விழுந்து புரண்டாள். குளிப்பாட்டினார்கள், பட்டுக் கட்டினார்கள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. தூக்கியதும் கிளம்பிவிடலாம் என்று வடிவாம்பாள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் நமசிவாயம் குரல் கொடுத்தார்.

"பேரப்புள்ள இல்லாத மனுசன். நெய்ப்பந்தம் பிடிக்க ஆளு வேணும். அந்தப் புள்ளைய வரச் சொல்லு. அவன் தூக்கி வளத்த புள்ளதான?"

"புகை அதுக்கு ஆகாது மாமா" என்றாள் வடிவாம்பாள்.

"ஒரு சுத்துதானம்மா. ஒண்ணும் ஆயிராது."

அவள் சுற்றிப் பார்த்தாள். தாணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ இராமலட்சுமியின் கையில் பந்தத்தைக் கொடுத்தார்கள். நெய்த்துணி கரும்புகையாக எரிந்தது. வெளியே சாரல் பெய்ததால் கதவையெல்லாம் சாத்தியிருந்தார்கள். கூடம் முழுக்க ஜனம், புகை, ஒப்பாரி. குழந்தை பெரியப்பாவின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வந்தாள். இருமினாள். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எந்திரி தாயி, இன்னும் கொஞ்சந்தான்" என்றார் நமசிவாயம்.

வடிவாம்பாள் பெண்களை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். பந்தத்தைப் பிடுங்கி, அண்டாத் தண்ணீரில் முக்கினாள். சுர்ரென்ற சத்தத்தில் ஒப்பாரி நின்றது.

"ஏட்டி, என்ன காரியம் செய்த!" என்று கத்தினார் நமசிவாயம்.

"இன்னொண்ணையும் சேத்துத் தூக்கணுமா உங்களுக்கு?"

அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. குழந்தையைத் தூக்கி மடியில் சுருட்டி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வாசல் காற்றில் உட்கார்ந்தாள். உதட்டிலிருந்து நீலம் மெல்ல வடிந்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை. நமசிவாயம் மட்டும் உள்ளே யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜாஹிரா பீவி குதிரை வண்டி கொண்டுவந்து நிறுத்தினாள். வடிவாம்பாள் பெட்டியை எடுக்க உள்ளே திரும்பினாள். தாணு அதைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தான். மறு கையில் படுக்கைச் சுருட்டு. நமசிவாயம் கூப்பிட்டது காதில் விழாதவன் போல நடந்து, இரண்டையும் வண்டியில் ஏற்றினான். குழந்தையின் கழுத்துத் துண்டைச் சரிசெய்தான். துட்டி வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. கூடத்தில் அகிலாண்டேஸ்வரியின் முதுகு தெரிந்தது.

ஸ்டேஷனில் வண்டி வரவில்லை. லேட் என்றார்கள். எவ்வளவு லேட் என்று கேட்டால், வந்தால் தெரியும் என்றார்கள். நனைந்த பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சங்குச் சத்தம் ஊருக்குள்ளிருந்து கேட்டது, நகர்ந்தது, ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்தது. இருந்திருக்கலாம். அத்தானின் வாயில் ஒரு பிடி அரிசி போட்டிருக்கலாம். அக்கா பக்கத்தில் இருந்து, தூக்கிய பிறகு வந்திருந்தால்கூட வண்டி கிடைத்திருக்கும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ரயில் மேல், நமசிவாயத்தின் மேல், மழை மேல். எல்லாவற்றையும்விட, எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறையில் சாய்ந்த அந்த மனுஷன் மேல். செத்தவர் மேல் கோபப்படலாமா? பட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டாள்.

"போயி எறங்கினதும் ஆதம் நிப்பான். தைரியமாப் போ தாயி" என்றாள், வண்டியேற்றிவிடக் கூடவந்திருந்த ஜாஹிரா பீவி.

கரிப்புகையோடு வண்டி வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பெட்டியில் கூட்டமில்லை. இராமலட்சுமி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு."

"சன்னல் பக்கம் பெரியப்பால்லா உக்காருவேன்னு சொன்னாவ."

"நீ உக்காரு" என்றாள் வடிவாம்பாள்.

ஊர் தாண்டியதும் வண்டி வேகம் குறைந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியது. சிற்றாற்றில் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் குடைகள். வைக்கோலும் வரட்டியும் நனைந்து, தீ எழும்பாமல் புகை மட்டும் தரையோடு பரவியது. அதற்கு முதுகைக் காட்டியபடி ஒருவன் தண்ணீரை நோக்கி நடந்தான். மழித்த தலை, ஈர வேட்டி. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

பாலத்தின் சத்தம் கேட்டு தாணு நின்றான். திரும்பினான். குடைக்காரர்களில் யாரோ கையை ஆட்டி அதட்டுவது தெரிந்தது. அவன் நகரவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தான்.

வடிவாம்பாள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். அவன் கண்கள் முன்னால் போகும் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தன.